அப்பா மேலுறையாகச் சுற்றிய தாள்

மை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம் பளிச்சென்று இருந்தால் உடனே வாங்கிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்தான். புடவையா எடுக்கிறார்கள்? எழுதி, ஒரு நாள் விட்டு, தண்ணீர் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை எந்தக் கடையிலும் நான் சொன்னதில்லை. வாய் வராது. வாங்காமல் திரும்பிவிடுவேன்.

குத்தகைக்கு உழுகிறவர் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம். அப்பா பயிரிட்டது ஐந்து மா நிலம். பதிவில் பெயர் ஏறாவிட்டால் மிராசுதார் அடுத்த போகத்துக்கே வேறு ஆளை இறக்கிவிடுவார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்த நான் மனு எழுதினேன். நீலக்கறுப்பு மை. எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். கிடக்கக் கிடக்கக் கறுக்கும்.

"என்னம்மா, கழனித்தண்ணியில எழுதுனாப்புல இருக்கு?" என்றார் அப்பா.

நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் கட்சிக் கொட்டகையில் மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பவரிடம் போனார். அந்த ஆளிடம் மயில் கழுத்து நிறத்தில் ஒரு மை. முக்கால் பக்கம் தாசில்தாரை எதுகை மோனையோடு வாழ்த்திவிட்டு, மீதியில் நிலத்தின் சர்வே நம்பரை நெருக்கி எழுதியிருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு ஆகும். தெருவே மெச்சியது. அப்பா என் தாளை அந்த மனுவுக்கு மேலுறையாகச் சுற்றி மடியில் செருகிக்கொண்டார்.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஐப்பசி மழை, வழியில் வாய்க்காலை அப்பாவும் நானும் இடுப்பளவு தண்ணீரில் கடந்தோம். தாசில்தார் மேலுறையை உரித்துப் போட்டுவிட்டு மனுவை விரித்தார். வாழ்த்தும் நம்பரும் கரைந்து ஒரே நீலம்.

மிராசுதாரின் காரியக்காரர் எட்டிப் பார்த்தார். "எந்த நெலம்னு வாய்க்காலத்தான் கேக்கணும்ங்க."

அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார் தாசில்தார். அப்பா நகரவில்லை. நான் கீழே கிடந்த தாளை எடுத்து மேஜை மேல் விரித்தேன். வெளியே சுற்றியிருந்ததால் அதுதான் அதிகம் நனைந்திருந்தது. ஆனால் எழுத்து கன்னங்கரேலென்று, ஒரு சுழி கலையாமல் நின்றது: சர்வே நம்பர், நான்கெல்லை, அப்பா பெயர்.

"யார் எழுதுனது?"

"எம் பொண்ணுங்க," என்றார் அப்பா, அவரே மை காய்ச்சியவர் போல.

அதிலேயே கைநாட்டு வாங்கினார்கள். பெயர் பதிவானது.

திரும்பும்போது மயில் கழுத்து மைக்காரர் கொட்டகை வாசலில் நிறுத்தி விசாரித்தார். மை கரைந்துவிட்டது என்று அப்பா தயங்கிச் சொன்னதற்கு, மழையில் யார் போகச் சொன்னது என்று கேட்டார். ஐப்பசியில் நனையாமல் வாய்க்கால் தாண்ட அவருக்குத் தெரியும் போலிருக்கிறது.