இடைவெளிக்கான காரணம்

பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் 'காளான்' என்று பட்டப்பெயர். வேர்களில் வளரும் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒரு பிடி மண்ணைக் கையில் கொடுத்தால் அதன் பூர்வோத்தரத்தையே சொல்லிவிடுவாள் என்று கேலி செய்வார்கள். அவளுடைய வீட்டுக்காரருக்கு அதே கட்டடத்தில் குடிநீர் ஆராய்ச்சி. மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சே எழவில்லை. அவள் வேலையை விட்டாள், அவ்வளவுதான். மனிதர் போய்ச் சேர நான்கு வருடம் ஆயிற்று.

இப்போது ஆராய்ச்சி நிதி வாரியம் விண்ணப்பப் படிவத்தை மாற்றிவிட்டது. கட்டுரைப் பட்டியல் வேண்டாமாம். என்ன செய்தீர்கள், யாரை வளர்த்துவிட்டீர்கள், நடுவில் ஏன் தடைப்பட்டது என்று கதையாகச் சொல்ல வேண்டுமாம். வேலையை விட்டுப்போனவர்கள் திரும்பி வருவதற்கென்று அதே வாரியத்தில் ஒரு திட்டமும் இருந்தது. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருடம். பட்டியலில் காட்ட ஒன்றுமில்லாதவளுக்கு இப்படி ஒரு படிவம் கசக்குமா? சாப்பாட்டு மேசையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் மடிக்கணினியோடு எதிரே வந்து உட்கார்ந்தார். அவரும் அதே படிவத்தில்தான் விண்ணப்பிக்கிறார், பெரிய திட்டம் ஒன்றுக்கு. அந்த நான்கு வருடத்தில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றே ஒன்று. சோம்பேறித்தனம் என்று எழுத முடியுமா?

"ஏம்மா, அப்பாவை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்போம்?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"உதாரணத்தோட எழுதணுமாம். சும்மா பார்த்துக்கிட்டேன்னு போட்டா நம்ப மாட்டாங்க."

பார்த்துக்கிட்டாராம்! அறை வாசலில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஓடிய மகன். ஆனாலும் சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. குழாய் வழியாகக் கஞ்சி இருநூறு மில்லி, வடிகட்டாவிட்டால் அடைத்துக்கொள்ளும். முதுகுப் புண்ணைக் கழுவும்போது மாமனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நான்கு வருடமாக ஒருவரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. போதாக்குறைக்கு, வீட்டுக்காரர் எழுதியது கரடுமுரடாக இருக்கிறதென்று மடிக்கணினியை வாங்கி, தானே திருத்தியும் கொடுத்தாள்.

திருத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. "என் படிவத்துலயும் இதைத்தானேங்க எழுதணும்?"

"ஐயையோ! ஒரே ஆளை ரெண்டு பேரும் வேலையைப் போட்டுட்டுப் பார்த்துக்கிட்டோம்னா, யாரு பொய் சொல்றாங்கன்னு தோண்டுவாங்க. ஆய்வுக்கூடத்துல என் சம்பளத் திட்டத்தை நம்பி ஆறு பேரு இருக்காங்கம்மா. நீ குடும்பக் காரணம்னு போடு, போதும்."

சண்டை போட்டிருக்கலாம். ஆனால் ஆறு பேர் வயிற்றில் அடித்தவள் என்ற பழியை யார் சுமப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு 'குடும்பக் காரணம்' என்று தட்டி அனுப்பினாள்.

இரண்டு முடிவும் ஒரே வாரத்தில் வந்தன. அவருக்குக் கிடைத்துவிட்டது. தந்தைக்கு அவர் செய்த பணிவிடை தங்களை நெகிழவைத்ததாகத் தேர்வுக் குழு தனியாகக் குறித்திருந்தது. அவளுக்கு ஒரே வரி: 'நான்கு ஆண்டு இடைவெளிக்குப் போதிய விளக்கம் இல்லை.'

அவர் அதை வாங்கிப் படித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் தோளில் கை வைத்தார்.

"நீ ரொம்ப வறட்சியா எழுதிட்டம்மா. எனக்கு எழுதிக் குடுத்தியே, அந்த மாதிரி எழுதியிருந்தா கிடைச்சிருக்கும்."