பிரதர் பிகெட்டும் களிமண் மேடும்

ஜூலை வெயிலில் எங்கள் ஊர் ஸ்டேடியத்தின் பிளாஸ்டிக் புல் அடுப்பில் வைத்த கல்லாகக் காயும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் தேசியப் பாட்டுப் பாட எங்கள் சபைப் பாடகர் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் மெல்லிய அடியுள்ள வெள்ளைச் செருப்பு போட்டிருந்தோம். நாங்கள் நடக்கிற வழியும் நிற்கிற இடமும் மட்டும் ஜில்லென்று நனைந்து கிடந்தன. "குழாய் ஒழுகுதும்மா, பாத்து நடங்க" என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சொன்னார் மைதானக்காரர் ஒருவர். அந்தப் பக்கம் குழாயே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

அவர்தான் ஏம்ப்ரோஸ் பிகெட். ஒரு நல்லது செய்தால் அதன்மேல் ஒரு பொய்யைப் போட்டு மூடாமல் அவருக்கு ஆகாது. கர்த்தர் அதை எந்தப் பக்கம் எழுதிக்கொண்டாரோ, எனக்குத் தெரியாது.

அந்த ஸ்டேடியத்தைக் கட்டினபோது நகரசபைக்காரர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. பேஸ்பாலுக்கு ஒன்று, கால்பந்துக்கு ஒன்று என்று இரண்டு எதற்கு, ஒன்றிலேயே இரண்டையும் ஆடட்டும் என்று ஆற்றங்கரையில் கேக் பாத்திரம் மாதிரி வட்டமாகக் கட்டினார்கள். இரண்டு ஆட்டத்துக்கும் அது பொருந்தவில்லை. எங்கள் கால்பந்து பெயருக்குத்தான் கால்பந்து. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன் மேல் மற்றவர்கள் பொத்தென்று விழுவார்கள். செப்டம்பரில் இரண்டு பருவமும் முட்டிக்கொள்ளும். ஒரு ஆட்டம் முடிந்ததும் பிகெட்டும் அவர் ஆட்களும் கீழ்வரிசை நாற்காலிகளைத் தண்டவாளத்தில் உருட்டி இடம் மாற்றுவார்கள். பேஸ்பாலில் பந்தெறிகிறவன் நிற்கும் களிமண் மேட்டை, அது உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டோடு கிரேனில் தூக்கிக் கொட்டகைக்குள் வைப்பார்கள். குழியை மூடி, பிளாஸ்டிக் புல்லை இழுத்து, பாவாடைக்குப் போடுவதுபோல ஜிப் போடுவார்கள்.

என் கணவர் லெமுவேலுக்கு இதில் ஆறாத கோபம். பேஸ்பால் பார்க்க மூன்றாம் பேஸ் பக்கம் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. "என் நாற்காலி என்னைக் கேக்காம ஊர் சுத்துது, வெர்னெல்" என்பார். சாகக் கிடந்தபோதும் அதே பேச்சுதான். "என்னை எரிச்சு மைதானத்துல போட்டுடு. ஆனா கால்பந்துக்காரன் ஒருத்தன் கால்கூட என்மேல படக் கூடாது." எங்கள் சபையில் எரிக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சாம்பலைக் காபி டப்பாவில் எடுத்துக்கொண்டு பிகெட்டிடம் போனேன்.

"பந்தடிக்கிறவன் நிக்கிற ஹோம் பிளேட்டுகிட்ட போட்டுடலாமா, பிரதர்?"

"ஐயோ சிஸ்டர், செப்டம்பர்ல அங்கதான் கோல் கோடு. தடியனுங்க அத்தனை பேரும் அங்கதான் உருளுவானுங்க."

"அப்ப தள்ளி, புல்லுல?"

"பிளாஸ்டிக்கு எதை உள்ள விடும்? உறிஞ்சுற வண்டி வந்து, கடலைத் தொலியோட லெமுவேலையும் உறிஞ்சிக்கிட்டுப் போயிடும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிகெட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். "மேடு இருக்கே, சிஸ்டர்! நிஜ மண்ணு. கால்பந்து வர்றதுக்குள்ள கொட்டகைக்குப் போயிடும். உங்க வீட்டுக்காரர் ஒரு ஆட்டத்தைக்கூடப் பாக்க வேண்டியதில்ல."

மறுநாள் மதியம் மேட்டைச் சீர் செய்கிற சாக்கில் அவர் களிமண்ணைக் கிளறினார். நான் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்டேடிய மேனேஜர் ஷைலர் வந்து நின்றார்.

"என்ன பிகெட் இது? யார் இந்தம்மா?"

"சபைப் பாட்டுக்காரங்க, சார். தோத்துக்கிட்டே இருக்கோம்ல, மேட்டை ஆசீர்வாதம் பண்ணக் கூட்டிட்டு வந்தேன்."

ஷைலர் உடனே தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். நானும் ஒரு பொய்யும் சொல்லாமல், மண்ணை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிற ஜெபத்தை மெதுவாகச் சொன்னேன். ஷைலர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

அன்று சாயங்காலம் எங்கள் அணி ஜெயித்துத் தொலைத்தது! அதன்பிறகு வெளியூர் போன அணி திரும்பி வரும்போதெல்லாம் மேட்டை ஆசீர்வதிக்கச் சொல்லி ஷைலர் எனக்கு ஆள் அனுப்பினார். காவல்காரன் கதவைத் திறந்துவிட்டு, குடைபிடித்துக் கூட்டிப்போக, கணவரின் கல்லறைக்குப் போய்வந்த விதவை எங்கள் ஊரில் நான் ஒருத்திதான்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தேன். பிகெட் போன் செய்தார்.

"சிஸ்டர், கிரேன் படுத்துடுச்சு. மேட்டை வெட்டி ஆத்துல கொட்டச் சொல்றாரு ஷைலர். ஓடி வாங்க."

ஏப்ரனோடு ஓடினேன். ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். பிகெட் தம்முடைய மண்வெட்டியை ஷைலரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க இஷ்டம், சார். ஆனா ஆசீர்வாதம் பண்ணின மண்ணு. மொத வெட்டு நீங்களே போட்டுடுங்க."

ஷைலர் சகுனம் பார்க்கிறவர், மைதானத்து வெள்ளைக் கோடுகளை மிதிக்காமல் தாண்டிப்போவார். அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் காலுறை மாற்றமாட்டார். மண்வெட்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"எனக்குப் பிரியமானது அதுக்குள்ள இருக்கு, சார்" என்றேன்.

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. கோட்டைக் கழற்றினார். இரும்புத் தட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் குழாய்களைக் கொடுத்து, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள். டிராக்டர் திணறினபோது ஷைலரே டையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளினார். "மெதுவா சார், உள்ள இருக்கிறவருக்கு முதுகு வலி" என்றார் பிகெட். ஆட்கள் சிரித்தார்கள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

வருஷங்கள் போயின. இரண்டு அணியும் தனித்தனி வீடு கேட்டன. வட்டக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்க்க முடிவானது. பேஸ்பாலுக்கு மட்டும் நிஜப் புல்லோடு ஒரு மைதானம் எழுந்தது. பிகெட் அலபாமாவில் மகள் வீட்டோடு இருக்கப் போனார். பேருந்து நிலையத்துக்கு நான் பொரித்த கோழி கட்டி எடுத்துப்போனேன். அதற்குப்பின் அவரை நான் பார்க்கவில்லை.

அன்று பேருந்துப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்: "பழைய மேட்டு மண்ணைப் பூராவும் புது மேட்டுல போட்டாச்சு, சிஸ்டர். அதிர்ஷ்ட மண்ணுன்னு நான் சொல்லக்கூட இல்ல, அவங்களே சொல்லிக்கிட்டாங்க. இனி லெமுவேலை யாரும் தூக்க வேண்டாம், இறக்க வேண்டாம். அவரும் நிம்மதியாப் படுக்கட்டும், என் இடுப்பும் நிம்மதியாப் படுக்கட்டும்."