முசே ஓட்டவிட்ட பாரவண்டிகள்

மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொள்முதலுக்காக முத்தியால்பேட்டையிலிருந்து கிராமங்களுக்குப் போய்வந்த காலத்தில், ஊரார் பிரெஞ்சுக்காரர் வழக்கில் முசே, அதாவது ஐயா, என்றழைத்த நிலக்காரரைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார்.

அவருடைய குத்தகைக்காரி ஒருத்தி கழனியை விட்டுத்தர மறுத்தாள். மழை பெய்த கையோடு, கல் ஏற்றிய வண்டிகளை அந்தக் கழனி முழுக்க ஓட்டவிட்டார். ஈரமண் அமுங்கிப் பாறையாகக் காய்ந்தது. அவளுடைய ஏர் மேலாகத்தான் கீறியது. ஆனாலும் மல்லாட்டை விதைத்தாள். செடி முளைத்துப் பூத்தது.

"பயிரையே அழிச்சிருக்கலாமே, முசே?" என்று கேட்டேன்.

"அழிச்சா மறுபடி வெதப்பா. இது பச்சையா நிக்கும். காய் இருக்கும்னு நம்பி, கடைசி வரைக்கும் தண்ணி எறைப்பா" என்றார்.

செடி பிடுங்கும் நாளில் நானும் அவரோடு வரப்பில் நின்றேன். அவள் பிடுங்கிய செடியில் வேர் பக்கவாட்டில் வளைந்திருந்தது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாக வேண்டிய விழுதுகள், இறங்க முடியாமல் காய்ந்து தொங்கின. ஒரு காய்கூட இல்லை. அடுத்த செடியைப் பிடுங்கினாள். அதற்கடுத்ததையும் பிடுங்கினாள்.

"பாவம், நல்லா பாடுபடுறவ" என்றார் முசே. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

மறுநாள் அவள் கழனியை விட்டுப் போய்விட்டாள். அவருடைய கண்ணீர் பொய்யில்லை என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.