வழி அடைத்த சிப்பாய்கள்

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துபாயிலிருந்து வந்த கடையநல்லூர்க்காரர். மடியில் செஸ் ஆடும் மெஷின். நகர்த்தும் ஒவ்வொரு காயையும் கைக்குட்டையால் துடைத்தார். பலகையில் இரு பக்கச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு வழியை அடைத்து நின்றன. மெஷினுக்கு ஒரு யானை கூடுதல். அதைச் சும்மா அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருந்தது.

"வாப்பாகூட கடைசியா ஆடுன ஆட்டம் அண்ணாச்சி. டிரான்னு சொன்னாவ. 'தோத்துட்டு ஏன் மழுப்புதிய'ன்னு கோவமா பிளேன் ஏறிட்டேன். போன மாசம் மவுத்தாயி, அடக்கமும் பண்ணியாச்சு. இப்ப என் பக்கத்த மெஷின் ஆடுது, வாப்பா பக்கத்த நான். மெஷின் ஜெயிச்சிட்டா நான் சொன்னது சரின்னு ஆயிரும். நீங்க பாத்துச் சொல்லுங்க."

யானை நுழைய வழியே இல்லை. "டிராதான்," என்றேன்.

"வாப்பாவும் இப்படித்தான், பாத்த உடனே சொன்னாவ," என்று தலைகுனிந்தார்.

எனக்குச் செஸ் தெரியாது என்று பொய் சொல்லியிருக்கலாம்.