குதிரைகளை இறக்காத மூன்று நாட்கள்

அப்பா குதிரை பார்த்த காலத்தில் எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் ஆங்கிலத் தந்தி அனுப்பிக்கொண்டிருந்த மனிதர், ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஆறு குதிரைகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். குதிரை உதைக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். எப்போது உதைக்கும் என்பதை முதல் மாதத்தில் தெரிந்துகொண்டார்.

மார்கழிப் பள்ளி விடுமுறையில் அம்மா தொழிற்சாலைக்குப் போய்விடுவார். ஆகவே அப்பா என்னையும் நாங்கள் இருந்த மோர்னிங்சைட்டிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போவார். எனக்குக் குதிரை என்றால் நடுக்கம். வேலிக்கு இந்தப் பக்கமே நிற்பேன்.

பண்ணைக்கு மேல்காணி, கீழ்காணி என்று இரண்டு மேய்ச்சல் நிலங்கள். மேல்காணியில் புல் முடிந்துவிட்டது. காற்றை மறிக்க ஒரு மரமும் இல்லை. சரிவுக்குக் கீழே இருந்த காணியில் கோடையிலிருந்தே மேயாமல் விட்ட புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒதுங்க ஒரு கொட்டிலும் உண்டு. ஆனால் அங்கே ஒரு குளமும் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குதிரை மெல்லிய பனிக்கட்டியில் கால்வைத்து உள்ளே போனது, திரும்பி வரவில்லை. குதிரைகளை எப்போது இறக்குவது என்பதை ஒவ்வொரு வருடமும் பண்ணைக்காரப் பெண்மணிதான் தீர்மானிப்பார். அந்த வருடம் அவர் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அங்கிருந்து ஒருநாள் தொலைபேசி எடுத்தார். ஆங்கிலம் வாய்திறந்து பேச அப்பாவுக்குக் கூச்சம்; அதனால் பேசுவது நான், அப்பா குனிந்து அதே ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டார்.

“குதிரையளை இறக்கிறதோ, மேலேயே விடுறதோ எண்டு கேள் பிள்ளை.”

குளம் இன்னும் இறுகவில்லை என்றார் அந்த அம்மா. ஆனால் மழை வந்தால் சரிவில் இறக்கவே முடியாது என்றும் சொன்னார். கடைசியில், “இற்ஸ் ஹிஸ் கோல்” என்றார். முடிவு அப்பாவுடையது என்று அர்த்தம். கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடமே ஆன எனக்குக் ‘கோல்’ என்றால் தொலைபேசி அழைப்பு மட்டும்தான்.

“நீங்கள் கோல் எடுக்கோணுமாம் அப்பா. அப்ப சொல்லுவாவாம்.” பிந்திய பாதி நானே சேர்த்தது.

அப்பா என்னைச் சற்று நேரம் பார்த்தார். “சரி, எடுப்பம்,” என்றார்.

அடுத்த நாள் எடுத்தோம். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கடுத்த நாள் எடுத்தோம்; நித்திரையாம். அப்பா வேலிவரை நடந்து வானத்தைப் பார்ப்பார், திரும்பி வருவார், மறுபடியும் போவார்.

“குதிரையள் இறங்கியாச்சோ?” என்று சாப்பிடும்போது அம்மா கேட்டார்.

“அவ இன்னும் சொல்லேல்லை.”

மூன்றாம் நாள் விடியவே மழை, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைகிற மழை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குதிரைகளின் முதுகெல்லாம் பனிக்கட்டி. கிழட்டு வெள்ளைக் குதிரை விழுந்து கிடந்தது. எழும்ப முயன்று கால்கள் நாலு பக்கமும் வழுக்க, மறுபடியும் விழுந்தது.

“செத்துப்போகுமோ அப்பா?”

“வாயை மூடு!” அதற்குமுன் அவர் என்னை அப்படி அதட்டியதில்லை.

பிறகு ஓடத் தொடங்கினார். குப்பைமேட்டிலிருந்து சாணியும் ஊறிய வைக்கோலும் அள்ளி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து, சரிவு முழுக்க ஒரு பாதை போட்டார். நானும் வாளியில் அள்ளினேன். அது முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“கீழை போய்க் குளத்துப் பக்கம் மறிச்சு நில்லு. கையை அகல விரி. நேரை வந்தால் மட்டும் விலத்து.”

நின்றேன். முதுகுக்குப் பின்னால் குளம் முறுகும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. நாலாவதாக வந்த இளங்குதிரை சரிவில் வழுக்கி, என்னை நோக்கியே பாய்ந்து வந்தது. அதன் மூச்சு முகத்தில் அடித்தது. விலத்த வேண்டும் என்று தெரிந்தும் கால் அசையவில்லை. அதுதான் விலத்திப் போனது. காற்சட்டை நனைந்துவிட்டதை அதன்பிறகுதான் அறிந்தேன்.

கிழட்டுக் குதிரையின் முன்னங்காலுக்கடியில் அப்பா தன் கோட்டைக் கழற்றி விரித்தார். நாலாம் தடவை அது எழுந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க நொண்டியது, ஆனால் பிழைத்தது.

மத்தியானம் அந்த அம்மா தொலைபேசி எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். ஏன் காத்திருந்தார், முடிவு உன் அப்பாவுடையது என்று உன்னிடம்தானே சொன்னேன், என்று கத்தினார். அப்போதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. அப்பா என் கையிலிருந்த ரிசீவரை வாங்கினார்.

“மை மிஸ்ரேக், மடம். நொட் ஹேர்ஸ். மை மிஸ்ரேக்.”

திரும்பும்போது காரில் கேட்டேன். “எனக்காக ஏன் அப்பா பொய் சொன்னனீங்கள்?”

“நான் பொய் சொல்லேல்லை,” என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

அதையும் ஒரு பொய் என்றே எடுத்துக்கொண்டு, அப்படி ஓர் அப்பா கிடைத்ததற்காக அழுதேன். அந்த அம்மா சொன்னது முதல் நாளே அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது என்பதும், பயந்துபோன பெரிய மனிதர் ஒருவர் பத்து வயது மகளின் பிழைக்குப் பின்னால் மூன்று நாள் ஒளிந்திருக்கலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.