கார்த்திகையில் கடல் தெற்கே ஓடும்

என் அக்காவின் கணவர் நகரியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று யார் எதற்குக் கூப்பிட்டாலும் போவார். கார்த்திகை மாதம் வந்துவிட்டால் அவருக்கு ஓய்வே கிடையாது. எங்கள் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் அந்த மாதத்தில் கடலில் குளிப்பதைப் பெரிய புண்ணியமாக நினைப்பார்கள். பௌர்ணமியன்று விடிவதற்கு முன்பே வண்டி வண்டியாகக் கிளம்பி, காளஹஸ்தி, நாயுடுப்பேட்டை வழியாகத் தூபிலிபாலெம் கடற்கரைக்குப் போவார்கள்.

அந்த வருடமும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். அவர்கள் குளித்து முடித்து மணலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, சட்டையைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, "ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்" என்று இறங்கினாராம். மாமா நன்றாக நீந்துவார். ஆனால் அவர் நீந்தியதெல்லாம் கரும்புத் தோட்டத்துக் கிணறுகளில்தான். அலையைத் தாண்டிப் போய் நீந்தியதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கையைத் தூக்கியதையும் பார்த்திருக்கிறார்கள். விளையாட்டுக்குத் தூக்குகிறார் என்று நினைத்து அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பதிலுக்குக் கையை ஆட்டினாளாம். என்னிடம் அதைச் சொல்லும்போது அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.

நான் திருப்பதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். செய்தி வந்தபோது கடை முகப்பிலுள்ள பொம்மைக்குப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கொசுவத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அக்காவைக் கூட்டிக்கொண்டு மாமாவின் அண்ணன் வந்துவிட்டிருந்தார். அவர் விவசாயி. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் நிலம் வைத்திருக்கிறார். கடலை அதற்குமுன் இரண்டொரு முறை பார்த்திருப்பார், அவ்வளவுதான். அக்கா, மாமா இறங்கிய இடத்துக்கு நேராக மணலில் உட்கார்ந்திருந்தாள். மீனவர்கள் படகுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். கடற்கரைக் காவல் நிலையத்து எஸ்.ஐ. ஒருவர் அவளிடம் குனிந்து தெலுங்கில் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கே உட்கார்ந்திருந்து பிரயோஜனம் இல்லையம்மா. இந்த மாதத்தில் கரையோரமாகத் தண்ணீர் தெற்கே ஓடும். மாசி, பங்குனியில் இதே தண்ணீர் வடக்கே ஓடும். இப்போது போனால் தமிழ்நாட்டுப் பக்கம்தான் போகும்."

அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"இன்னாடா சொல்றாரு அவரு? ஊருல கெணத்துல வுழுந்தவங்களப் பாத்துக்கினுதானே கீறோம். வுழுந்த எடத்துலதான் எழுவாங்க. நான் இங்கயேதான் இருப்பேன். அவரு எழும்போது யாரும் இல்லன்னா?"

எனக்கும் கடலைத் தெரியாது. கடல் என்றால் முன்னும் பின்னும் அசைகிற தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஆற்றைப் போல ஒரு திசையில் ஓடும், பருவத்துக்குப் பருவம் திசை மாறும், தான் ஏந்திக்கொண்டதையெல்லாம் கூடவே கொண்டுபோகும் என்பதை முதல்முறையாகக் கேட்டது அங்கேதான். எஸ்.ஐ. என்னைத் தனியே அழைத்துப்போய் மீதியைச் சொன்னார். உடம்பு முதலில் அடியில் போய்விடும், பிறகு ஊதி மேலே வரும், அப்போது எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ அதோடு போகும்.

தூபிலிபாலெத்துக்குத் தெற்கே ராக்கெட் விடும் தீவின் கரை தொடங்குகிறது. அங்கே வெளியாட்கள் நடக்க முடியாது. அங்கிருந்த காவலர்களே கரையோரமாக ஜீப்பில் போய்த் தேடிவிட்டு, ஒன்றும் ஒதுங்கவில்லை என்று போனில் சொன்னார்கள். அதையும் தாண்டினால் பழவேற்காடு. அங்கே போய்ப் பார்க்கலாம் என்று நானும் மாமாவின் அண்ணனும் கிளம்பினோம். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். மீனவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவள் பக்கத்தில் இருந்தார்கள்.

பஸ்ஸில் போகும்போது அக்காவின் மகள் போன் செய்தாள். சின்னப் பெண். அவளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு அக்கா வந்திருந்தாள்.

"மாமா, நைனா எப்போ வரும்?"

"வண்டி ரிப்பேரும்மா. செஞ்சிக்கினு வந்துடும்" என்றேன். பக்கத்தில் இருந்த மாமாவின் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழவேற்காட்டில் ஒரு படகுக்காரர் எங்களை ஏரியின் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கடலோர மணல் திட்டில் இறக்கிவிட்டார். அதற்கு முந்தைய வாரம்தான் புயல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அலை ஏறி இறங்கிய இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு கறுத்த கோடு போல ஏதோ கிடந்தது. பாசி என்று நினைத்தேன். கிட்டே போனால் அத்தனையும் குப்பை.

மாமாவைத் தேடிப் போன நாங்கள் அந்தக் கோட்டை ஒட்டியேதான் நடக்க வேண்டியிருந்தது. எதுவாக இருந்தாலும் கடல் அங்கேதான் போட்டிருக்கும். அதனால் அதில் இருந்த ஒவ்வொன்றையும் பார்த்தேன். செருப்புகள், எல்லாம் ஒற்றைச் செருப்புகள். ஊசி மருந்துக் குப்பிகள். தெர்மாகோல் துண்டுகள். சிக்கலாகச் சுருண்ட நைலான் வலைகள். கண்ணாடி போன சாமிப் படத்தின் சட்டம். அத்தனை அலைகளில் அடிபட்டும் உடையாத ஒரு குண்டு பல்பு. வெங்காயத்தாமரை, அதுவும் எந்த ஆற்றின் வாய் வழியாகவோ வந்தது. குனிந்து மணலை அள்ளினால் ஜவ்வரிசி போல வெள்ளை வெள்ளையாய்ப் பிளாஸ்டிக் மணிகள் விரலிடுக்கில் நின்றன.

மாமாவின் அண்ணன் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அவர் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாவது வரை.

"தெலுங்குலதான் எழுதிக்கீது. ஆனா ஒரு எழுத்துகூடப் படிக்க வரலியே."

நானும் வாங்கிப் பார்த்தேன். வட்டம் வட்டமான எழுத்துகள். படகுக்காரர்தான், "அது பர்மா பாட்டிலுங்க. காத்து திரும்பினா அங்கருந்து வரும். மூங்கில் தெப்பம்கூட வந்து ஒதுங்கியிருக்கு" என்றார்.

மாமாவின் அண்ணன் பாட்டிலை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "பர்மாலருந்து காலி பாட்டிலு வந்து சேருது. இதோ இங்க கீற எடத்துலருந்து என் தம்பி வந்து சேரல" என்றார். பிறகு அதைத் திரும்ப மணலில் வைத்தார். வீசவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்தார்.

இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். அவர் சட்டென்று நின்றார். முன்னால் ஒரு பெரிய வலைச் சுருள் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் முதுகு தெரிந்தது. மனிதத் தோலின் நிறம்.

நான் அசையாமல் நின்றுவிட்டேன். அவர் தலைப்பாகைத் துண்டை உருவிக்கொண்டு ஓடினார். முகத்தைப் பார்க்கவில்லை, யாரென்று பார்க்கவில்லை. போன வேகத்தில் துண்டை விரித்து அதன்மேல் போர்த்தினார். பக்கத்தில் மண்டி போட்டு, "அய்யோ ராஜா, இங்க வந்து படுத்துக்கினியே" என்று கத்தினார்.

நான் மெதுவாகப் போனேன். துண்டு மூடாத இடத்தில் தோள்பட்டை தெரிந்தது. அங்கே கையைப் பொருத்தும் பள்ளமும், பள்ளத்துக்குள் துருப்பிடித்த ஒரு கம்பியும் இருந்தன. எனக்கு அது நன்றாகத் தெரியும். தினமும் காலையில் நான் கழற்றி மாட்டுகிற மூட்டுதான் அது. எந்த ஊரிலோ எந்தத் துணிக்கடையிலோ நின்ற பொம்மை. கழுத்து முதல் இடுப்பு வரை சிப்பிகள் குலை குலையாக ஒட்டியிருந்தன. படகுக்காரர் அவற்றைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப நாள் கடலில் அலைந்திருக்கிறது என்றார்.

"பொம்ம, பெரியவரே. கடையில வெக்கற பொம்ம" என்று அவர் தோளைப் பிடித்தேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகு அழுகை நின்றது. ஆனால் எழுந்திருக்கவில்லை. துண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வேணாம்பா. போத்தினது போத்தினதாவே இருக்கட்டும்" என்றார். தலையில் வெயில் அடிக்க, அப்படியே நடந்து வந்தார்.

அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த நாளும் அலைந்தோம். அக்கா தூபிலிபாலெத்தில் அதே இடத்தில்தான் இருந்தாள். ஏதாவது துன்னு என்று போனில் கெஞ்சினால், "நான் துன்ற நேரத்துல வந்துட்டார்னா?" என்பாள்.

கடைசியில் தமிழ்நாட்டுக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பழவேற்காட்டுக்கும் தெற்கே, ஒரு துறைமுகத்துக்காகக் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தெற்கே ஓடும் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டித் திரும்பும். கொண்டுவந்ததையெல்லாம் சுவரின் வடக்கு மூலையில் தள்ளிவிடும். பழைய பிளாஸ்டிக் பொறுக்கி விற்கும் பெண்கள் தினமும் அங்கே வருவார்கள். அவர்களில் ஒருத்தியை ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன்.

"பாட்டிலு பொறுக்கினு இருந்தோம்பா. வலை ஒண்ணு பெருசா கெடந்துச்சி. வித்தா காசாவும்னு இழுத்தோம். கனமா இருந்துச்சி" என்றாள். போலீஸ் வரும்வரை நாய் அண்டாமல் அவள்தான் காவல் இருந்தாள் என்று ஏட்டு சொன்னார்.

அடையாளம் காட்ட ஆஸ்பத்திரிப் பிணவறைக்குள் நான்தான் போனேன். முகத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. இடது முன்கையைக் காட்டச் சொன்னேன். சில வருடங்களுக்கு முன் மாமாவுக்கு அந்தக் கை உடைந்து புத்தூரில் கட்டுப் போட்டிருந்தார்கள். வேன் ஓட்ட வேண்டும் என்று அவரே அவசரப்பட்டுக் கட்டைப் பிரித்துவிட்டார். எலும்பு லேசாக வளைந்து கூடியது. அந்த வளைவு அப்படியே இருந்தது. அவர்தான் என்று கையெழுத்துப் போட்டேன்.

அவர்மேல் சுற்றியிருந்த வலையை அறுத்து ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். பச்சை நைலான் வலை. அதற்குள் பால் பாக்கெட்டுகள், ஒரு ஷாம்பு டப்பா, குழந்தையின் சின்னச் செருப்பு ஒன்று, எல்லாம் அவரோடு சேர்ந்தே வந்திருந்தன.

அக்கா வந்ததும் அந்தக் குவியலைத்தான் முதலில் பார்த்தாள்.

"இது யாரு வலை?"

"தெரியலக்கா."

"யாருதுன்னு கேளுடா. இத்த கடல்ல போட்டது எவன்னு கேளு. இது சுத்திக்கினதாலதான் அவரால நீந்த முடியல."

டாக்டரிடம் கேட்டேன். முன்பே சுற்றியதா, செத்த பிறகு மிதக்கும்போது சிக்கியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பெரும்பாலும் பிறகுதான் என்றார். வலை எந்த ஊருடையது, எந்த நாட்டுடையது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அறுந்த வலை வருடக் கணக்கில் சுற்றும் என்று ஏட்டு சொன்னார். அக்கா திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். கோபப்பட அவளுக்கு ஒரு மனிதன் வேண்டியிருந்தான். அவள் கேட்டவர்களில் யாரும் அந்த மனிதன் இல்லை.

ஊருக்குக் கொண்டுவந்து எரித்தோம். சாம்பலைக் கரைப்பதற்கு நகரிக்கு வெளியே குசஸ்தலை ஆற்றுக்குப் போனோம். மழையால் ஆற்றில் தண்ணீர் ஓடியது. பாலத்தின் கீழே எங்கள் ஊர் கொட்டுகிற குப்பை மேடு பாதி கரைந்திருந்தது. கேரி பைகளும் தட்டுகளும் சாயத் தண்ணீரின் நுரையும் கலந்து எங்கள் காலருகே போய்க்கொண்டிருந்தன. பானையைப் பிடித்தபடி அக்கா படியில் நின்றுவிட்டாள்.

"இந்த ஆறு எங்கடா போவுது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வரவில்லை.

"பூண்டி ஏரிக்குப் போவுதுக்கா. அங்கருந்து எண்ணூர்ல கடலுக்கு."

"அப்போ இதெல்லாம்?"

"இதுவும் அங்கதான் போவும்."

அவள் தண்ணீரில் மிதந்து போவதையெல்லாம் பார்த்தாள். பிறகு திரும்பி மேலே ஏறத் தொடங்கினாள். மாமாவின் அண்ணன் பதறினார்.

"இன்னாம்மா இது? கரைக்காம எடுத்துக்கினு போவக்கூடாதும்மா. சாஸ்திரம்னு ஒண்ணு கீது."

"இருக்கட்டும். நான் தரமாட்டேன். இன்னொரு தபா அவரு அலையவேணாம்."

புரோகிதர் என்னென்னவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. பானையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள். மாமாவின் அண்ணனுடைய நிலத்தில் மாமரத்து வரிசைக்கு அப்பால் கொஞ்சம் மேடான இடம் உண்டு. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் நிற்காது. பானையைப் புதைக்க மண்வெட்டியை அவளே எடுத்தாள். யாரையும் தோண்ட விடவில்லை. மண் ஈரமாக இருந்ததால் சீக்கிரம் ஆழமாகிவிட்டது. போதும் என்று நான் சொன்ன பிறகும் வெகு நேரம் வெட்டிக்கொண்டே இருந்தாள்.