பிளேடுக்கு ஒரு பிடி

என் கணவர் சவரம் செய்து முடித்த பிளேடுகளை நான் குப்பைக்குப் போக விட்டதில்லை. அவை வந்த எண்ணெய்த்தாளிலேயே மறுபடி சுற்றி, தையல் மிஷின் இழுப்பறையில் போட்டு வைப்பேன். தாடிக்கு மழுங்கிப்போன பிளேடு நூலுக்கு மழுங்கியதில்லை.

அப்போது பினாங்கில், டத்தோ கிராமட் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில், பின்னறையில் குடியிருந்தோம். அவர் தினமும் ஃபெரி ஏறி அக்கரையில் இருந்த பிறை என்ற ஊருக்கு வேலைக்குப் போவார். அங்கே ஓர் இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். நான் வீட்டிலிருந்தபடியே தைத்தேன். பினாங்குத் தெருவில் தையல்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் எனக்குத் துணி கொடுத்தனுப்புவார். புதுத்துணி தைக்கக் கடையிலேயே அவருக்கு ஆட்கள் உண்டு. எனக்கு வந்ததெல்லாம் பிரித்துத் தைக்கும் வேலைதான். ரப்பர் விலை விழுந்து தோட்டத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் விற்றுவிட்டுப் போன வெள்ளை டிரில் துணிக் கோட்டுகளை ராவுத்தர் வாங்கி, பிரித்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார்களின் உடம்புக்குத் தகுந்தபடி சிறிதாக்கி விற்றார். துரைக்குத் தைத்த கோட்டில் தையல் இரட்டை இரட்டையாக ஓடும். துணி கிழியாமல் அதைப் பிரிக்கக் கத்தரிக்கோல் உதவாது. பிளேடு வேண்டும்.

பிளேடோ இரண்டு பக்கமும் கூர். துணியில் சுற்றி நீளவாக்கில் மடக்கினால் ‘டக்’கென்று பாதியாக உடையும். ஒரு பக்கம் கூர் போய்விடும். ஆனாலும் அது காகிதம் போல மெலிசு. கொஞ்சம் அழுத்தினால் வளையும், வளைந்தால் வழுக்கும், வழுக்கினால் விரல்தான். என் இடது கை ஆள்காட்டி விரலில் துணி கட்டாத நாள் அரிது. ஒருநாள் கோட்டுக் கையில் இரத்தம் சொட்டிவிட்டது. உப்புத் தண்ணீரில் அலசினேன், எலுமிச்சை தேய்த்தேன், போகவில்லை. ராவுத்தர் கோபிக்கவில்லை. “தங்கச்சி, இரத்தம் பட்ட துணிய நான் யாருகிட்ட விப்பேன், சொல்லு?” என்று மட்டும் கேட்டார். அடுத்த தடவை மூட்டை பாதியாகத்தான் வந்தது.

பிளேடுக்கு ஒரு பிடி வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் மூங்கில் குச்சியைப் பிளந்து, இடையில் அரை பிளேடைச் செருகி, நூலால் இறுகக் கட்டினேன். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நூல் தளர்ந்து பிளேடு ஆடியது. அடுத்து மத்தி மீன் டின்னை வெட்டி மடித்தேன். டின் இளகிய சாமான். பிளேடை அழுத்தும்போது அது வாயைத் திறந்துகொண்டது. அப்படிப் பலதும் செய்து கெடுத்த பிறகுதான் ஒன்று புரிந்தது. மெலிந்த தகட்டை எங்கேயாவது ஓர் இடத்தில் பிடித்தால் போதாது. முதுகு முழுவதும் பிடிக்க வேண்டும், கூருக்கு நூலளவு தள்ளி வரைக்கும் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அது வளையாமல் நிற்கும்.

பிடித்துக்கொண்டே இருக்க என்ன செய்வது என்பதற்கு வழி தட்டானிடம் கிடைத்தது. திருகு கழன்ற தோட்டைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். சின்ன இடுக்கியால் தோட்டைக் கவ்வி, இடுக்கியின் காலில் கிடந்த வளையத்தை மேலே தள்ளினார். கையை எடுத்த பிறகும் இடுக்கி கவ்வியபடியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டைக் காலருக்கு வெட்டுவதுபோலக் காகிதத்தில் வெட்டினேன். இரண்டு இலை. கீழ் இலையின் இரண்டு ஓரத்திலும் சின்ன உதடு மடிந்து நிற்கும். பிளேடின் இரண்டு முனையும் அந்த உதடுகளுக்கு நடுவே உட்காரும். மேல் இலை வந்து மூடும். வளையம் ஏறி இறுக்கும். மழுங்கினால் வளையத்தை இறக்கி, பிளேடை மாற்றிக்கொள்ளலாம்.

காகிதத்தை என் கணவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்குப் புள்ள உதடு? பிளேடு நடுவுலதான் மூணு ஓட்டை இருக்கே. மூணு முளை வச்சா அதுல மாட்டிக்கும். வேலையும் சுளுவு.”

“எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே மாதிரி ஓட்டை போடுவானாங்க? முனை எல்லாத்துக்கும் ஒண்ணுதானே.”

“சரி, சரி. உனக்கு உன் இஷ்டப்படியே பண்ணித் தர்றேன்.”

அதைப் பழுதில்லாமல் செய்து கொடுத்தார். நல்ல வேலைக்காரக் கை அவருக்கு. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். பட்டறையில் கழித்துப்போட்ட பித்தளைத் தகட்டில், என் காகிதத்தை ஒட்டி வெட்டி, அரம் போட்டு, கைக்கு இதமாக விளிம்பை உருட்டிக் கொண்டுவந்தார். அன்று ஒரு கோட்டு முழுவதையும் விரலில் கீறல் படாமல் பிரித்தேன். பின்கட்டில் ஒரு நோன்யா, மலாய் பேசும் சீனக் குடும்பத்துப் பெண், குடியிருந்தாள்; பாசிமணி கோத்த செருப்புத் தைப்பவள். எட்டிப் பார்த்தாள். வாங்கிப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்று மலாயில் கெஞ்சினாள். அவளுக்கும் ஒன்று செய்து தந்தார். ராவுத்தர் கடைக்குச் சில போயின. மூட்டை மறுபடி முழுசாக வர ஆரம்பித்தது.

அந்த வருஷமே பிறைப் பட்டறையில் ஆள் குறைத்தார்கள். என் கணவருக்கும் சீட்டு கிழிந்தது. துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நம் ஜனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் அதே கதி என்றுதான் நினைத்தேன். அவர் என் பிடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பீச் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முதலாளி ஒருவரைப் பார்க்கப் போனார். அதை நான் தடுக்கவில்லை. போகும்போது முகத்தில் எண்ணெய் வழிய வியர்த்திருந்தார். திரும்பி வரும்போது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

“முதலாளிக்குப் பிடிச்சிருச்சு. தகடு அவரு கொடுக்கிறாரு, கடைக்குப் பின்னால இடமும் கொடுக்கிறாரு. தையக்காரன், செருப்புக்காரன், பள்ளிக்கூடத்துப் பென்சில் சீவ, எல்லாத்துக்கும் விக்கலாம்ங்கிறாரு.”

எனக்கும் சந்தோஷம்தான். ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை என்பதே போதுமாக இருந்தது. யார் செய்தது என்று முதலாளி கேட்டாரா, இவர் என்ன சொன்னார் என்றெல்லாம் அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தொழில் தொடங்கியதும் என் கணவர் உதடுகளை எடுத்துவிட்டார். ஒவ்வொன்றையும் கையால் மடக்க நேரமாகிறது, முளை வைத்தால் ஓர் அடியில் முடிகிறது என்றார். ராவுத்தர் கடையில் மலிவான பிளேடு ஒன்று பார்த்தேன், அதில் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது என்று சொன்னேன். “நீ தைக்கிற வேலையைப் பாரு, லா” என்று பினாங்குப் பாணியில் இழுத்தார். அதட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு அதட்டலைவிட மோசமாக இருந்தது.

பிடிகள் நன்றாக விற்றன. ஒரு தமிழர் சங்கத்தின் ஆண்டு விழாவில் அவருக்கு மாலை போட அழைத்தார்கள். சங்கத்துக்கு அந்த முதலாளிதான் புரவலர். நான் கைக்குழந்தையோடு பெண்கள் பக்கம், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவரைப் பேசச் சொன்னார்கள். பேசிப் பழக்கமில்லாதவர். முதலில் தடுமாறினார். பிறகு தைரியம் வந்துவிட்டது.

“எங்க வீட்டுல தைக்கிறாங்க. பிளேடப் பிடிக்கத் தெரியாம தினம் கைய வெட்டிக்குவாங்க. பார்க்கப் பாவமா இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு.”

கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி என் இடது கையை எடுத்து விரலைப் பார்த்தாள். “குடுத்து வச்சவ நீ” என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். குழந்தை அழுதது என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். குழந்தை அழவில்லை.

வீட்டுக்கு வந்து மாலையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“பிடிக்கத் தெரியாம வெட்டிக்கிட்டேனா நான்?”

“அட, பேச்சுக்குச் சொன்னது.”

“காகிதத்துல வெட்டிக் கொடுத்தது யாரு?”

“நீதான். இல்லேன்னு சொன்னேனா? அங்க போயி, பொம்பள சொல்லிக் கொடுத்து நான் செஞ்சேன்னா சொல்ல முடியும்? முதலாளி என்ன நினைப்பாரு? யாரு பேருல இருந்தா என்ன, சோறு இந்த வீட்டுக்குத்தானே வருது.”

சோறு வந்ததென்னவோ உண்மைதான். அடுப்படிக்குப் போய் அந்தச் சோற்றையே அவருக்குப் பரிமாறினேன்.

அதற்கப்புறம் கடைகளுக்குப் புது பிளேடு வந்தது. பேர் பெற்ற கம்பெனிகளே மாற்றிவிட்டன. நடுவில் மூன்று ஓட்டைக்குப் பதிலாக நீளமாக ஒரே பிளவு. அதைப் பாதியாக உடைத்து முளையில் மாட்டினால் பிடிமானமில்லை, பக்கவாட்டில் ஓடியது. சூலியாத் தெருவில் ஒரு செருப்புக்காரரின் உள்ளங்கையைப் பிளேடு நழுவி வெளியே வந்து கிழித்துவிட்டது. கடைக்காரர்கள் பிடிகளைக் கூடையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். என் கணவர் முளையைப் பருமனாக்கிப் பார்த்தார், மெலிதாக்கிப் பார்த்தார், ரப்பர் வைத்துப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பிடி மிஷின் மேலேயேதான் கிடந்தது. புது பிளேடைப் போட்டு நான் தினமும் அதில்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது.

ஒரு சாயங்காலம் முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். பாயை விரித்துப் போட்டோம்.

“என்ன தம்பி, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இவ்வளவு தகட்டையும் நான் கடல்லயா கொட்டுறது?”

“முளையைத்தான் மாத்திப் பார்க்கணும் முதலாளி...” என்றார் என் கணவர். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. முளை எதற்கு, உதடு எதற்கு, மெலிந்த தகடு ஏன் வளைகிறது என்பதெல்லாம் அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்தது நான். அவர் மெல்லத் தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அதைவிட வேறொன்றும் இருந்தது. இப்போதாவது தெரியட்டும் என்ற வெறி.

மிஷின் மேலிருந்த பிடியை எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி எதிரிலேயே வளையத்தை இறக்கி, புது பிளேடின் பாதியை உதடுகளுக்கு நடுவே வைத்து, வளையத்தை ஏற்றினேன். பழந்துணி ஒன்றில் இழுத்துக் காட்டினேன். பிளேடு அசையவில்லை.

முதலாளி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

“அட, இவ்வளவு நல்லா ஒண்ணு பண்ணி வச்சிக்கிட்டு ஏன் தம்பி காட்டாம இருந்தீங்க?”

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. “அது நான் முதல்ல பண்ணினது முதலாளி. வேலை ஜாஸ்தின்னு விட்டுட்டேன்” என்றார்.

“அதை நெனச்சு வெட்டினது நான். முளை வேணாம்னும் நான்தான் சொன்னேன்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்படியாம்மா? நல்லது, நல்லது” என்றார். குழந்தை பாட்டு ஒப்பித்தால் சொல்வோமே, அந்த மாதிரி. உடனே என் கணவரிடமே திரும்பி, உதட்டை அச்சில் அடிக்க முடியுமா, சிங்கப்பூரில் மிஷின் இருக்கிறதா என்று பேச ஆரம்பித்துவிட்டார். புறப்படும்போது, “மாதிரிக்கு இருக்கட்டும்” என்று என் பிடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார். வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று தோன்றவே இல்லை.

முதலாளி அதைத் திருப்பித் தரவும் இல்லை, கூப்பிட்டு அனுப்பவும் இல்லை. என் கணவர் தேடிப் போனபோது, கடைக்குப் பின்னால் இருந்த இடத்தில் ஆணிப் பெட்டிகள் அடுக்கியிருந்ததாம். சில மாதம் கழித்து ராவுத்தர் கடை மேஜையில் ஒரு புதுப் பிடியைப் பார்த்தேன். நிக்கல் முலாம் பூசி, உதடு, இலை, வளையம் எல்லாம் அப்படியே இருந்தன. விளிம்பு மட்டும் உருட்டாமல் கூராக விட்டிருந்தது. சிங்கப்பூரில் அச்சடித்து வருகிறதாம். “இது நல்லாயிருக்கு தங்கச்சி, உனக்கு ஒண்ணு எடுத்துக்க” என்றார் ராவுத்தர். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அதைப் பற்றிச் சொன்னபோது என் கணவர் வெடித்தார்.

“நீ அன்னைக்கி வாயத் தெறந்தியே, அதோட போச்சு. இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முதலாளிக்குத் தெரிஞ்சு போச்சு. தொழில் தெரியாதவன வச்சிக்கிட்டு அவரு என்ன செய்வாரு?”

“அப்ப ஒண்ணும் தெரியாதுங்கிறதை ஒத்துக்கிறீங்க.”

கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கையைத் தானே பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அன்றைக்கு அடித்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் என்ஜின் வேலை கிடைத்துப் போனோம். அங்கே தைக்கக் கொடுக்க யாருமில்லை. மிஷினை விற்றுவிட்டோம். குழந்தைகள் பிறந்தார்கள், படித்தார்கள். அவர் குடிக்கவில்லை, கெட்ட நடத்தை இல்லை, சம்பளத்தை என் கையில் கொடுப்பார். ஊரில் எல்லாரும் தங்கமான மனுஷன் என்றார்கள். ஆனால் விருந்தாளிகள் யாராவது வந்துவிட்டால் போதும், பினாங்கில் தான் பிளேடுக்குப் பிடி கண்டுபிடித்த கதையையும், ஒரு முதலாளி அதைத் திருடிக்கொண்டதையும் சொல்வார். கேட்பவர்கள் ‘ச்சு’ கொட்டுவார்கள். என் விரல் வெட்டுப்பட்டதும் அதில் வரும். நான் காப்பி கலந்து கொண்டுவந்து வைப்பேன். ஒவ்வொரு தடவையும், இன்றைக்காவது என் பக்கம் ஒருமுறை திரும்புவாரா என்று நின்று பார்ப்பேன்.

திரும்பியதில்லை. போகப் போக அவர் பொய் சொல்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்பிவிட்டார். போன வருஷம் அவர் செத்தபோது, துக்கத்துக்கு வந்திருந்த பழைய பட்டறை நண்பர் ஒருவர் என் மூத்த மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, “உங்க அப்பா பெரிய மூளைக்காரரு தம்பி, அனுபவிக்கக் குடுத்து வைக்கல” என்று அழுதார். என் மகனும் அழுதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.